ரஹ்மத் பீவியின் மூன்று குப்பிகள்

மைதீன், உனக்கு என் சலாம்.

ஏழு மாதம் பேசாமல் இருந்துவிட்டு நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். "செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க உம்மா, பெருநாளைக்கு வீட்டுக்கு வாரேன்." சொல்ல மாட்டேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு ஏமாந்து போகாதே. நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் நீ நினைத்துக்கொண்டிருப்பது அல்ல. நீ எதற்காகக் கோபப்படுகிறாயோ அந்தக் காரியத்தை நாளைக்குச் செய்யச் சொன்னாலும் செய்வேன், அதே போலப் பகல் பதினொரு மணிக்கு, ஆய்வகத்தின் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு. போனில் இதைப் பேச முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன், உன் வாப்பா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியாலே" என்று கேட்டு முடித்துவைத்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் ஆய்வகத்து மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நீ. ஆனால் அந்தக் குளிர்பெட்டிக்குள் இருந்தவை எப்படி அங்கே வந்தன என்று நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. மருத்துவமனையில் அப்போதிருந்த பெரிய டாக்டர், பீடி சுற்றும் பெண்களின் நுரையீரலைப் புகையிலைத் தூள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். நோய் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை, வருவதற்கு முன்பிருந்தே அதே பெண்களிடம் வருஷா வருஷம் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும் என்றார். எடுப்பதற்கு என்னை அனுப்பினார். மேலப்பாளையத்துத் தெருக்களில் நான் வீடு வீடாகப் போனேன். அவர்கள் இடது கையை என்னிடம் நீட்டிவிட்டு வலது கையால் மடியில் கிடக்கும் இலையைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற ரஹ்மத் பீவி மட்டும் என்னைப் பார்த்ததுமே அதட்டுவாள். "வெரசா எடுங்க லாத்தா, ஏசண்டு வார நேரம். ஒரு கட்டு கொறஞ்சா உங்க டாக்டரா வந்து சுத்தித் தருவாரு?" அந்த ரத்தத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, சுழற்றி, மேலே தெளிகிற நீரைப் பிரித்து, சுண்டுவிரல் உயரக் குப்பிகளில் ஊற்றி, எண் ஒட்டி, மைனஸ் எண்பது டிகிரியில் வைப்பேன். பதினெட்டு வருஷம் அப்படிச் சேர்ந்ததுதான் நம் ரத்த மாதிரிகளின் வங்கி.

ஆற்றில் பெருவெள்ளம் வந்த அந்த மார்கழியில் நீ பெங்களூரில் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் இருந்தாய். ஊரெல்லாம் மின்சாரம் இல்லை. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது நானும் ஜெனரேட்டர் பார்க்கிற சுடலைமுத்து அண்ணாச்சியும் குப்பித் தட்டுகளைத் தெர்மக்கோல் பெட்டிகளில் அடுக்கித் தலையில் வைத்து மாடிக்கு ஏற்றினோம். இரண்டு குளிர்பெட்டிகளில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. தண்ணீர் வடிந்ததும் மருத்துவமனையை நடத்துகிற அறக்கட்டளைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். புதுப்பெட்டி வாங்கவும் கரண்டுக்குக் கட்டவும் முடியாது, வங்கியை மூடிவிடலாம் என்றார்கள். அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்து அழுதேன். நான்தான் அழுதேன், மறுக்கவில்லை. நீ அடுத்த வாரமே வந்து நின்றாய்.

நம் சாப்பாட்டு மேசையில் நீ எனக்கு விளக்கியது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒரு பேரேடுன்னு நினைச்சுக்கிடுங்க உம்மா. ஒரு எடத்துல இல்ல, ஆயிரம் கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல எழுதி வச்சிருக்கும். எழுதினத ஒருத்தரும் அழிக்க முடியாது, திருத்த முடியாது. அதுக்குப் பேருதான் பிளாக்செயின்." ஒவ்வொரு பெண்ணின் குப்பிகளுக்கும் அந்தப் பேரேட்டில் ஒரு டிஜிட்டல் டோக்கன், உரிமைச் சீட்டு போல, இருக்கும். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் அதை வாங்கலாம், விற்கலாம். வாங்குகிறவர்களின் பணத்தில் குளிர்பெட்டி ஓடும். ஏதாவது மருந்துக் கம்பெனி அந்த மாதிரியைப் பயன்படுத்தினால் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பங்கு, ரத்தம் கொடுத்த பெண்ணுக்கும் ஒரு பங்கு. அவள் தன் போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தலையில் சுமந்து ஏற்றிய குப்பிகளை என் பிள்ளை காப்பாற்றப் போகிறான் என்று பூரித்துப் போனேன். அறக்கட்டளைக் கூட்டத்தில் உனக்காகப் பேசியது நான்தான்.

என் தப்பு இங்கேதான் இருக்கிறது. கவனமாகப் படி. பழைய சம்மதப் படிவத்தில் டோக்கன் பற்றி ஒன்றும் இல்லை, எல்லாப் பெண்களிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நீ சொன்னாய். உன் நிறுவனம் அனுப்பியது பதினாறு பக்கம், முழுக்க ஆங்கிலம். அதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கினால் மாதக்கணக்கில் ஆகும், பாதிப் பேர் பயந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ஒரு பொய் சொன்னேன். "பழைய பேப்பரெல்லாம் வெள்ளத்துல நனஞ்சு போச்சு, புதுசுல ஒரு தடவ கைநாட்டு வச்சிருங்க" என்றேன். ஒரு காகிதமும் நனையவில்லை. எல்லாம் மேல் அலமாரியில் பத்திரமாக இருந்தன. வெள்ளம் யார் வீட்டைத்தான் விட்டது, அதனால் எல்லோரும் நம்பினார்கள். ரஹ்மத் பீவி கையெழுத்துப் போடத் தெரிந்தவள். பதினாறாம் பக்கத்தில் அழகாகத் தன் பெயரை எழுதிவிட்டு, "உங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு லாத்தா?" என்று என்னிடம் விசாரித்தாள். ஒன்பது நாளில் எல்லாக் கையெழுத்தையும் வாங்கி உனக்கு அனுப்பிவைத்தேன். நீ "சூப்பர் உம்மா" என்று பதில் போட்டாய்.

இதைச் செய்தவள் யாருடைய மனைவி என்று யோசித்துப் பார். நீ பால்குடி மறக்காத வயதில் உன் வாப்பா சவூதிக்குப் போனார். டிரைவர் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அங்கே இறங்கியதும் ஒரு தாளை நீட்டினார்கள், அரபியில் இருந்தது. வாப்பா சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதியவர், எழுத்தெல்லாம் அவருக்குத் தெரியும். "வாசிச்சுப் பாத்தேன், ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். ஒரு வார்த்தையும் வெளங்கல. ஓதுத எழுத்துலதானே எழுதியிருக்கு, அதுல என்ன சூது இருக்கப் போவுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று பின்னால் சொன்னார். ஆட்டு மந்தையோடு பாலைவனத்தில் மூன்று வருஷம். பாஸ்போர்ட் முதலாளியிடம். கேட்டபோதெல்லாம் முதலாளி அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினான். திரும்பி வந்த மனிதரை நீ அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்துகொண்டாய். அந்த மூன்று வருஷத்தை இந்த வீட்டில் அனுபவித்தவள் நான். அப்படிப்பட்டவள், இன்னொருத்திக்குப் புரியாத தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். வாப்பாவிடம் இதை நான் சொன்ன அன்றைக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நீ ஏழு மாதம் பேசாமல் இருந்ததைவிட அந்த ஒரு சாயங்காலம்தான் எனக்குப் பெரிது.

பிறகு நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது ஒரு காலையில் ரஹ்மத் பீவி ஆய்வகத்துக்கு வந்தாள். கூடவே கல்லூரியில் படிக்கிற அவள் மகள். அந்தப் பெண் போனை என் முன்னால் வைத்தாள். வீட்டில் கிடந்த அந்தப் பதினாறு பக்கத்தின் நகலைப் படித்துத் தேடியிருக்கிறாள். அதில் ரஹ்மத் பீவியின் குப்பி எண். பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று மேலே மேலே ஏறியிருந்தது. 'அரிய மாதிரி' என்று முத்திரை. நான் அதைப் பார்த்து, பங்கு ஏதோ வந்திருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மகள் கீழே பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னாள். நுரையீரல் இறுகிப்போகிற நோயின் ஆரம்ப அடையாளம் இந்த ரத்தத்தில் இருக்கிறதாம். நோய் வருவதற்கு முன்பிருந்தே பல வருஷத்து மாதிரிகள் கைவசம் இருப்பதால் மதிப்பு கூடியிருக்கிறதாம். எங்கோ வெளிநாட்டில் ஒரு சோதனைக்கூடம் ஒரு குப்பியை வாங்கிச் சோதித்து, முடிவை உன் பேரேட்டில் ஏற்றியிருக்கிறது. ஏற்றி நாலு மாதம் ஆகியிருந்தது.

ரஹ்மத் பீவி கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கு நோவு இருக்குன்னு எனக்கு முன்ன ஊரு உலகத்துக்கெல்லாம் தெரிஞ்சிருக்கே லாத்தா. அத வச்சு வாங்குதாங்க, விக்குதாங்க. எங்கிட்ட ஒருத்தரு சொல்லல. நாலு மாசமா நான் அந்தத் தூளுக்குள்ளதான் உக்காந்து இருமிக்கிட்டு இருக்கேன்." அப்புறம் கேட்டாள்: "இது உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் அவள் என்னை நம்ப வேண்டிய அவசியம் என்ன? அவளை உட்காரவைத்து, வெள்ளத்தில் ஒரு காகிதமும் நனையவில்லை என்பதையும் சொன்னேன். அவள் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பு இல்லை. கடைசியில் ரஹ்மத் பீவி எழுந்து, "என் ரெத்தம் எனக்கு வேணும். வச்சிருக்க வேண்டாம், அழிச்சிருங்க" என்றாள்.

அன்றைக்கு உனக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தாய். "உம்மா, பேரு எங்கயும் இல்ல, வெறும் நம்பர்தான். அவங்க ரகசியத்தைக் காப்பாத்தத்தான் பேரை எடுத்தோம்" என்றாய். பேரை எடுத்ததால்தானடா அவளைத் தேடிவந்து சொல்வதற்கு ஆள் இல்லாமல் போனது! வாங்குகிறவனுக்குத் தகவல் போக வழி வைத்தீர்கள், அவளுக்குப் போக வழி வைக்கவில்லை. டோக்கனை நீக்கு என்றேன். "அழிக்க முடியாது, அதுதான் அதோட பலமே. படிவத்துலயே பன்னிரண்டாவது பிரிவுல இருக்கு, ஒருதரம் குடுத்த சம்மதத்தத் திரும்ப வாங்க முடியாதுன்னு. அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றாய். உன் வாப்பாவின் முதலாளி பேசியது மாதிரியே இருந்தது. நீ அந்த வார்த்தையை யோசிக்காமல் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் வந்ததால்தான் எனக்கு வலித்தது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போனேன். நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து பதில் வரட்டும், அதுவரை எதையும் தொடக்கூடாது என்றார். ஒரு வாரம் பார்த்தேன். வரவில்லை. எட்டாம் நாள் ரஹ்மத் பீவியை வரச் சொன்னேன். வெள்ளத்தில் போனதும் சோதனைக்கூடம் வாங்கியதும் போக அவளுடைய குப்பிகளில் மூன்றுதான் மீதி இருந்தன, முதல் வருஷத்தது ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வருஷத்தது ஒன்று. அவள் கண் முன்னால் எடுத்தேன், எண்ணை அவள் மகள் சரிபார்த்தாள். மூன்றையும் அவிக்கிற இயந்திரத்தில் வைத்து மூடி, அழுத்தமும் சூடும் ஏறி இறங்குகிறவரை மூன்று பேரும் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: கொடுத்தவர் கேட்டுக்கொண்டதால் அழிக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே ரஹ்மத் பீவியின் கையெழுத்து. உன் பேரேட்டில் அந்த டோக்கன் இன்னும் இருக்கும். இருக்கட்டும். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அதோடு நிற்கவில்லை. என் செலவில் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அச்சடித்து, பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போனேன். வாசித்துக் காட்டினேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். சில வீட்டில் முகத்தில் அடித்தது போலக் கதவைச் சாத்தினார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கட்டிக்கொடுத்துப் போயிருந்த ஒருத்தியைத் தேடி அங்கேயும் போனேன். அவள் வாழைத்தோப்பில் வேலையாக இருந்தாள். வரப்பில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "இம்புட்டுத் தூரம் இதச் சொல்லவா வந்தீய? இருக்கட்டும் வச்சுக்கிடுங்க, ஆராச்சும் பொழச்சாச் சரி" என்றாள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் விற்கக்கூடாது, நோய் தெரிந்தால் முதலில் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். வேண்டாம் என்றவர்களுடையதை எல்லாம் அழித்தேன். மருத்துவமனை எனக்கு மெமோ கொடுத்தது, விசாரணை வைத்தது, பிரிவு உபசாரம் இல்லாமல் அனுப்பியது. உன் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. உனக்கு வேலை போனது. நீ போனில், "நீங்க சயின்சுக்கே எதிரி உம்மா" என்று கத்திவிட்டு வைத்தாய்.

மைதீன், நான் எதற்கு எதிரி என்று எனக்குத் தெரியும். நட்டம் என்ன என்பதும் தெரியும். இப்போது ஆய்வைக் கவனிக்கிற சின்ன டாக்டரம்மா அந்தச் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு என் எதிரில் அழுதாள். பதினெட்டு வருஷத்தின் முதலும் நடுவும் கடைசியுமாக மாதிரி மிஞ்சியிருந்தது ரஹ்மத் பீவி ஒருத்திக்குத்தான், இந்த நோயை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி அதில் இருந்திருக்கலாம், இனி அது கிடைக்காது என்றாள். இருந்திருக்கலாம். அதை அழித்தது என் கை. ஆனால் அது போனதற்குக் காரணம் அந்த இயந்திரம் இல்லை, ஒன்பது நாளில் நான் வாங்கிய கையெழுத்துகள். நம்பிக் கொடுத்தவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குப்பிகள் இன்றைக்கும் குளிரில் இருந்திருக்கும். உன்னுடைய அறிவு மேல் எனக்குக் குறை இல்லை. குளிர்பெட்டி ஓடப் பணம் வேண்டும், அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். அழிக்க முடியாத பேரேடு வேண்டுமென்றால் முதலில் அதில் கம்பெனி கொடுக்கிற வாக்கை எழுது. கொடுத்தவள் கேட்டால் திருப்பிக் கொடுப்பேன், நோய் தெரிந்தால் அவளுக்கு முதலில் சொல்வேன் என்று எழுது. அதை யாரும் அழிக்க முடியாமல் இருக்கட்டும். உன்னை வளர்த்தபோது பரீட்சையில் முதலாவதாக வந்தால் மட்டும் கொண்டாடினேன், வேகமாகச் செய்தால் மெச்சினேன். "எப்படிச் செய்தாய்" என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீ அனுப்பிய அந்த 'சூப்பர்' உன்னிடமிருந்து வந்ததல்ல, என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்டது. அதற்காக மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ரஹ்மத் பீவி பீடியை விட்டுவிட்டாள். நைட்டி தைக்கிறாள். நோய் ஆரம்பத்திலேயே நிற்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். இரண்டு மாதம் முன்பு அவளாகவே டாக்டரம்மாவிடம் போய், தமிழ்ப் படிவத்தைத் தானே ஒரு முறை வாசித்துவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். "இப்ப எடுங்க" என்றாளாம்.

இன்னொரு செய்தி. நீ புது நிறுவனத்தில் சேர்ந்திருப்பதும், அடுத்த மாதம், ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கிற மருத்துவமனையின் நெறிமுறைக் குழு முன்னால் புதுத் திட்டத்தை வைக்கப்போவதும் டாக்டரம்மா மூலம் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் குழுவில் டாக்டர்களும் வக்கீலும் போக, பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இத்தனை நாள் அந்த நாற்காலியில் அறக்கட்டளைக்கு வேண்டியவர் யாராவது உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை டாக்டரம்மா ரஹ்மத் பீவியின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "எனக்கு என்னம்மா தெரியும்" என்று முதலில் ஒதுங்கினாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டாள். எந்தத் தாளாக இருந்தாலும் தமிழில் இருக்க வேண்டும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கொண்டுவந்தவரே அவள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஆகவே நீ வாசிப்பாய். தொண்டையை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் கொண்டுபோ. அவள் நடுவில் நிறுத்துவாள், மறுபடி வாசிக்கச் சொல்வாள், "இந்த எடத்துல என்ன சொல்லுதீய தம்பி?" என்று கேட்பாள். கோபப்படாதே, அவளுக்குப் புரிகிறவரை பைய வாசி.